மணல்திட்டில் பாதிச் சேலை

இரண்டு நாடுகள் உரிமை கோரும் மணல்திட்டின் ஓரத்தில் சவேரியான் வலை கட்டினான். வலையின் முனையைப் பிணைத்து ஊன்றிய கம்பில், அடையாளத்துக்கு மனைவி லூர்தம்மாளின் பழைய சேலையில் பாதியைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்தான். மறுநாள் ஆதரவு காட்ட வந்த நட்பு நாட்டுப் போர்க்கப்பல், அதைச் சவேரியானின் நாட்டுக் கொடி என்று எண்ணிப் பீரங்கி முழக்கி மரியாதை செய்தது. "அந்தக் கொடியைத் தொடுகிற கை இருக்காது" என்று அமைச்சர் முழங்கினார்.

கம்பைப் பிடுங்கினால்தான் வலை வரும். இருந்ததும் அந்த ஒரு வலைதான்.

"அது எம் பொஞ்சாதி சீலை சார்" என்றான் சவேரியான்.

"வெளிய சொல்லிடாத" என்று கடற்படை அவனைத் திருப்பி அனுப்பியது.

காற்றில் சேலை நைந்தது. வெள்ளைச் சீருடையில் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார்.

"மீதிச் சேலை இருக்காம்மா?"

அது தொட்டிலாகத் தொங்கியது, உள்ளே குழந்தை.

"வலையக் கொண்டாங்க, சீலையக் கொண்டு போங்க" என்றாள் லூர்தம்மாள்.

"நாடே பாத்துக்கிட்டிருக்கும்மா!"

"மெதுவாப் பேசுங்க சார், இப்பத்தான் தூங்குச்சு."

குழந்தை சிணுங்கியது. அதிகாரி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொட்டிலை ஆட்டத் தொடங்கினார்.