கடலில் வெங்காயத்தாமரை

வெங்காயத்தாமரை எந்தச் சீமைச் செடி என்று குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அது அரியாங்குப்பம் ஆற்றை மூடிய பிறகு இறால் போயிற்று, கெளுத்தி போயிற்று. மழை வெள்ளத்தில் அது கடலுக்கு அடித்து வரும்; உப்பு பட்டதும் அழுகிவிடும். கடல் மட்டுமாவது மிஞ்சியதே என்று இருந்தார்கள்.

1982 கார்த்திகையில், கரை தெரியாத தூரத்தில் கண்ணையனின் வலை கனத்தது. இழுத்தால் வெங்காயத்தாமரை. பச்சை மாறாமல், ஊதாப் பூவோடு இருந்தது.

"ஆத்துல இருந்து வந்திருக்கும். ரெண்டு நாள்ல அழுவிடும், வலைய ஒதறுய்யா," என்றாள் கரையில் அவன் மனைவி தில்லையம்மாள்.

"மெதக்குற செடிதான? வேரு கீழ தரையப் புடிச்சிருந்துச்சு. அறுத்துதான் எடுத்தேன்."

அன்று பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக அவளிடம் மீன் இல்லை. மறுநாளும் இல்லை.

விடியுமுன் அலைச் சத்தத்தைக் கேட்டு, கடல் எப்படி இருக்கிறதென்று சொல்வது தில்லையம்மாளின் வழக்கம். அதற்குப் பிறகுதான் கண்ணையன் கட்டுமரத்தை இறக்குவான். அடுத்த வாரம் ஒருநாள் அவள் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா, கடல் எப்பிடி?"

"ஒண்ணும் கேக்கல."

"காது அடைச்சிருக்கும்."

"நீ மூச்சு வுடறது கேக்குதே."

இருவரும் கரைக்குப் போனார்கள். குப்பமே அங்கே நின்றது. வெளிச்சம் வந்தபோது தண்ணீர் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டியவரை பச்சை, இடையிடையே ஊதா. அதன்மேல் ஒரு நாய், கால் நனையாமல், கிழக்கிலிருந்து கரையைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது.