கட்டுப் போட்ட கால்

தொழில்முறைக் கபடி அணிக்கு ஆள் எடுக்க வந்த தேவசகாயம் அன்று பார்த்த நாற்பத்தோராவது கல்லூரி ரைடர் சுடலைமணி. பாடிப்போய் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பியவனின் இடது முழங்காலில் கட்டு.

“அடி எந்தக் கால்ல?”

“இடதுதான் சார். லேசாத்தான்.”

எதிரணி கட்டுப் போட்ட காலைத்தான் குறிவைத்துப் பிடிக்கும். அதனால் அடிபட்டவர்கள் நல்ல காலில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். தேவசகாயமும் ஆறு வருடம் அப்படித்தான் ஆடினார். இப்போது நாற்காலியைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை. அலுப்போடு குனிந்து அவனுடைய வலது முழங்காலை அழுத்தினார். சுடலைமணி கத்தவில்லை. கண் மட்டும் கலங்கியது.

“எழுதிராதீங்க சார்.”

அடுத்தவன் கோட்டுக்கு வந்து நின்றுவிட்டான். தேவசகாயம் படிவத்தில் ‘காயம்’ என்றிருந்த இடத்தில் எழுதினார்: இடது முழங்கால், லேசாக.