ஏழு மாத உபயோகத்துக்குப் பின்

கையில் வைத்து விளையாடும் அந்த கேம் கருவியை வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. தினப்படி உபயோகத்தை அது எப்படித் தாங்கியது என்று தயாளன் தன் சேனலில் நேரலையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி அமுதவல்லி போனைப் பிடித்தபடி நின்றாள். கை ஆடக் கூடாது என்று சொல்லியிருந்தான். பஸ் நெரிசலில் நசுங்கியதைச் சொன்னான், மேலே காபி கொட்டியதைச் சொன்னான். நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்திருக்கிறதா என்று ஒருவர் எழுதிக் கேட்டார்.

“ஒரே ஒரு தடவை ப்ரோ. கை தவறிடுச்சு,” என்றான்.

அன்றைக்கு அவன் கை தவறவில்லை. சோறு ஆறுகிறது என்று அவள் இரண்டாம் முறை கூப்பிட்டதற்கு, குறி பார்த்துத்தான் கருவியை எறிந்தான். அமுதவல்லி அதைத் தன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நாலாயிரம் பேரில் ஒருத்தராவது அவனைத் தட்டிக் கேட்பார் என்று இப்போது அவளுக்குத் தோன்றிவிட்டது. போனைத் தன் பக்கம் திருப்பினாள். முன்முடியை ஒதுக்கி, நெற்றியில் ஆறு தையல் போட்ட தழும்பைக் காட்டினாள்.

“கை தவறலைங்க. என் மேலதான் எறிஞ்சாரு.”

தயாளன் எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். பிறகு திரையில் முதல் கேள்வி வந்தது. அதை அவன் சத்தமாகப் படித்தான்.

“அவ்ளோ வேகமா எறிஞ்சும் டிஸ்ப்ளேல கோடு விழலையா ப்ரோ?”

அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

“இல்ல ப்ரோ. ஒரு கோடுகூட இல்ல.”