எவரெஸ்ட்டுனு சொன்னா போதும்

"எவரெஸ்ட்டுனு சொல்லு. அத்தோட வாய மூடிக்க. இன்னா, புரியுதா?"

வேம்புலியம்மாள் இதோடு ஏழாவது தடவையாகச் சொல்லிவிட்டாள். புருஷன் கன்னியப்பன் டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் செங்கல்வராயன் கர்ச்சீப்பை நனைத்து வந்து அப்பாவின் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டான். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று எதிர் பெஞ்சு அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

கன்னியப்பன் அம்பத்தூர் பக்கம் ஒரு சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் கிரேன் ஆபரேட்டர். இருபத்தேழு வருஷத்தில் அவர் கொக்கியிலிருந்து ஒரு போல்ட்டுகூட நழுவியதில்லை. ஆனால் மனுஷனுக்கு மலை என்றால் உயிர். ஏலகிரியைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. செவ்வாயில் எது உசரம், வியாழனைச் சுற்றும் நிலாவில் எது உசரம் என்று லைப்ரரியில் தேடித் தேடிப் படிப்பார். கிரேன் கேபினுக்குள் சாக்பீஸால் வரைந்தும் வைப்பார். கேட்க ஆள் கிடைத்தால் போச்சு, லேசில் விடமாட்டார்.

பத்து நாளைக்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ மேனேஜருக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டான். 'கிரேன் கன்னியப்பன் எந்நேரமும் வேறு உலகத்து மலை என்று பிதற்றுகிறார். எங்கள் தலைக்கு மேல் இரும்பு தொங்குகிறது. உயிருக்கு யார் பொறுப்பு?'

அன்றைக்கே கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இன்று டாக்டர் எழுதுவதுதான் முடிவு. 'ஃபிட்' என்றால் நாளைக்கே கிரேன். 'அன்ஃபிட்' என்றால் மிச்சமிருக்கும் ஆறு வருஷ சர்வீஸும் அம்போ.

"நீ வேற ஏம்மா அவர பயமுறுத்துற?" என்றான் செங்கல்வராயன். ஐ.டி.ஐ. முடித்து நாலு வருஷமாக எம்ப்ளாய்மென்ட் கார்டைப் புதுப்பிப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். மலை என்று அப்பா ஆரம்பித்தாலே எழுந்து போகிறவன், இந்த ஒரு வாரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். அப்பாவுக்கு ஒரு கஷ்டம் என்றதும் பிள்ளை எப்படி மாறிவிட்டான்!

"டாக்டரு படிச்சவரு நைனா. மறைச்சாத்தான் சந்தேகம் வரும். எனுக்கு சொன்னியே, அதே மாரி சொல்லு. நேர்ல பாத்தா மாரி சொல்லு. அசந்துடுவாரு."

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாசமாப் போற மலைங்க!" வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் ஆசையாகச் சேர்த்த பேப்பர் துண்டுகளையெல்லாம் எடைக்குப் போட்ட மகராசி அவள்தான். அவளுக்கு என்ன தெரியும்!

உள்ளே கூப்பிட்டார்கள். மகன் கதவோரம் நின்றுகொண்டான்.

"இன்னிக்கு என்ன தேதி?"

"அக்டோபர் பதினாலு, தொண்ணூத்தேழு. செவ்வாக்கெழம சார்."

பேர், வயசு, நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை, எல்லாம் டாண் டாண் என்று வந்தது. டாக்டருக்குத் திருப்தி. பேனா மூடியைக் கழற்றினார்.

"மலைன்னு என்னவோ எழுதியிருக்காங்களே? உலகத்திலேயே உயரமான மலை எதுங்க?"

'எவ' வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. கன்னியப்பன் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் சிரித்துத் தலையாட்டினான்.

"எந்த உலகத்துல சார்?"

டாக்டர் நிமிர்ந்தார். அப்புறம் கன்னியப்பனை யார் பிடிப்பது?

"எவரெஸ்ட்டு இன்னா சார் எவரெஸ்ட்டு! செவ்வாயில ஒண்ணு கீது, ஒலிம்பஸ்னு. எவரெஸ்ட்ட மூணு அடுக்கினாத்தான் அதும் தலைக்கு வரும். வியாழனச் சுத்துற நிலாவுல ஒண்ணு, அயோன்னு பேரு, அதுல கீற மலையும் நம்முளுத தூக்கி சாப்புட்டுடும். அத்த வுடு சார், வெஸ்டான்னு வானத்துல ஒரு துக்கடா கல்லு. அதுல ஒரு பெரிய பள்ளம், பள்ளத்து நடுவுல பதிமூணு கிலோமீட்டருக்கு ஒரு மலை! இப்பத்தான் பேப்பர்ல போட்டான்."

"ஓகோ."

"ஒலிம்பஸ் மேல நின்னா மலை மாரியே தெரியாது சார். அவ்ளோ அகலம். எறங்கிகினே கீறோம்னு காலுக்கே தெரியாது."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

கன்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த மாதிரி யார் அவரிடம் கேட்டிருக்கிறார்கள்! "டெய்லி போய்கினுதான் சார் கீறேன்! கிரேன் மேல ஏறி குந்திட்டாப் போதும், நான் அங்கதான்!"

டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்தார்.

கால் மணி நேரம் கழித்து, ஆபீஸ் கிளார்க் வீராசாமி ஃபைலோடு வெளியே வந்தார். ரொம்ப வருஷப் பழக்கம்.

"அன்ஃபிட் போட்டுட்டாரும்மா."

வேம்புலியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தலபாடா அடிச்சிக்கினேனே, கேட்டியாய்யா நீ! இனிமே நம்ம பொயப்புக்கு இன்னா பண்றது?" என்று வாய்விட்டு அழுதாள்.

கன்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?" என்று மகனைக் கேட்டார். செங்கல்வராயன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீராசாமிக்கு மனசு கேட்கவில்லை. அவள் பக்கம் குனிந்து ஆறுதலாகச் சொன்னார்.

"ஏம்மா அழுவுற? அன்ஃபிட்டுனு அனுப்பிட்டா இந்த வேல உம் புள்ளைக்குத்தான் வரும். வாரிசு வேல ஃபாரத்த போன மாசமே எங்கிட்ட வாங்கினு பூட்டானே!"