குராமோச்சியின் காலிக் கிண்ணம்

காகிதக் கதவில் மதிய வெயில் வெளிறிக் கிடக்கிறது. பெயர் தெரியாதபடி பழைய செய்தித்தாள் சுற்றிய சாக்கே அரிசிமதுப் புட்டியைச் சாய்த்து, மதுவைச் சுவைத்துத் தரம் சொல்லும் குராமோச்சியின் கிண்ணத்தை ஷிஹோ நிரப்புகிறாள். ஊற்றும் கையை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருஷம் இதே கூடத்தில் அவள் வடித்த சாக்கேயைப் பத்துப் பேர் முன்னால் துப்பிவிட்டு, "மீன் கழுவத்தான் ஆகும்" என்றவர். இன்று உப்பில் ஊறிய கணவாய்க் குடலை நாக்கில் வைத்து, ஒரு மிடறு உறிஞ்சிக் கண்ணை மூடுகிறார். துப்பும் கலயம் பக்கத்திலேயே இருக்கிறது. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது. "கணவாய்க்கு இதுதாம்மா ஜோடி. யார் வடிச்சது?" கிண்ணத்தை மறுபடி நீட்டுகிறார். அவள் தாளை உரிக்கிறாள். "மீன் கழுவுற தண்ணிங்கய்யா. அதே அரிசி, அதே கை." நீட்டிய கிண்ணம் அப்படியே நிற்கிறது. துணைக்கு ஆளில்லாதவன்தான் இங்கே தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வான். புட்டியை அவர் முழங்கையருகே வைக்கிறாள். "நீங்களே ஊத்திக்கோங்க."