யாளிக் காசு

யாளி, மகரம், இருதலைப் பறவை என்று புராண உயிர்கள் பொறித்த பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்பதில் வில்லவன் சோறு தண்ணியை மறந்திருந்தான். சின்ன மகள் இதழினி மேசையருகே வந்து கைநீட்டுவாள்.

"அப்பா, அந்த யாளியைக் குடுப்பா. தொட்டுப் பாத்துட்டுத் தரேன்."

"கை பட்டா தேஞ்சுடும். போய் விளையாடு" என்பான், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. உடலை எடுப்பதற்கு முன் வில்லவன் யாளிக் காசை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். அவை மடங்கவில்லை. மறுபடியும் மடக்கினான்.

மனைவி செங்கொடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. காசு மேல அவளுக்கு என்னங்க ஆசை? அதைக் கேட்டாலாவது மடியில உக்கார வச்சுக்குவீங்கன்னுதான் கேப்பா."