நேப்பிள்ஸில் ஒரு எண்ணெய்க் காகிதம்

நேப்பிள்ஸ் பார்க்க வந்த ஜெர்மன் மாணவன் யோரிஸ், பொரித்த மீன் தின்ற காகிதத்தை இரண்டு விரலால் பிடித்தபடி, அரைமணி நேரமாகக் குப்பைத்தொட்டி தேடுகிறான். எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்துவிட்டது. வந்த மூன்று நாளில் அழுக்காகாமல் மிச்சமிருப்பதோ போட்டிருக்கும் இந்த ஒரு வெள்ளைச் சட்டைதான். சந்தின் ஓரத்தில் கிழிந்த குப்பைப் பைகள் வெயிலில் வெந்து நாறுகின்றன, ஈக்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. அங்கே வீச அவன் வளர்ந்த விதம் விடவில்லை. அப்போது மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கி, அவன் மூக்குக்கு நேரே ஆடுகிறது. ஊருக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று காகிதத்தை அதில் போடுகிறான். எதிர்க் கடைக்காரர் ரொட்டியும் கையுமாக ஓடிவருகிறார். "நுன்சியாக்கா, இழுக்காதீங்க!" அதற்குள் கூடை மேலே போய்விட்டது; மாடி ஜன்னலில் நுன்சியாவின் தலை எட்டிப் பார்க்கிறது. "ரொட்டி வாங்குற கூடையில குப்பையாடா? சீ! சுத்தம்னா என்னன்னு உங்கம்மா சொல்லித் தரலையா?" என்று கத்தியபடியே நுன்சியா காகிதத்தைத் தெருவில் வீசுகிறாள். அது நேராக வெள்ளைச் சட்டையில் வந்து இறங்குகிறது.